ஓ.எல் (11ஆம் வகுப்பு சாதாரண தரப் பரீட்சை) எழுதுன புள்ள அடுத்து எங்க போகும்? தோட்டத்து அம்மா அப்பாமார் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

நான் இலங்கையில நுவரெலியா மாவட்டத்துல ஏ.எல் (உயர்தர) வகுப்புக்கு படிச்சுக் குடுக்கிற டீச்சர். நானும் தேயிலைத் தோட்டத்து லயத்துல (வரிசை வீட்டுல) பொறந்து வளந்தவதான், அம்மா கொழுந்து எடுத்துதான் என்னை படிக்க வச்சாங்க. பெற்றோர் கூட்டத்துலயும் பஸ் ஹோல்ட்லயும் கோயில் திருவிழாவுலயும் என்னைப் பாத்து கேக்கிற கேள்விகளத்தான் இங்க எழுதிருக்கேன். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது, அதுக்கு பதில் தெரியாததாலயே நல்லா படிக்கிற புள்ளைங்க நடுவுல நின்னுருதுங்க, அது எனக்கு தாங்கல.

டீச்சர், எங்க புள்ள 28வதா வந்திருக்கான், அவன் படிக்கிறானா இல்லையா?

எத்தனாவதுங்கிறத முதல்ல விடுங்க. 40 பேர் இருக்கிற வகுப்புல 28வதா வந்த புள்ளயும் நல்லா முன்னேறி இருக்கலாம், முதலாவதா வந்த புள்ள ஓ.எல்ல கணக்குல மாட்டிக்கவும் செய்யலாம், ஏன்னா அந்த இடம் பக்கத்துல இருக்கிற புள்ளைங்கள வச்சு வர்றது. நீங்க பாக்க வேண்டியது தேர்ச்சி அறிக்கையில ஒவ்வொரு பாடத்தோட புள்ளியும் போன தவணைக்கு என்ன, இந்த தவணைக்கு என்னங்கிறது. கணக்கு 22ல இருந்து 31க்கு வந்திருந்தா அந்தப் புள்ள பாடுபட்டிருக்குன்னு அர்த்தம், அத அவன்கிட்ட சொல்லுங்க. 60ல இருந்து 45க்கு எறங்கியிருந்தா எத்தனாவதா வந்தாலும் ஸ்கூலுக்கு வந்து கேளுங்க.

அடுத்தது வரவு. அறிக்கையில எத்தனை நாள் வந்திருக்குன்னு போட்டிருக்கும், பெரும்பாலும் யாரும் அந்த இடத்த பாக்கிறதே இல்ல. காலையில யூனிபோம் போட்டு போற புள்ள ஸ்கூலுக்குத்தான் வருதான்னு அந்த ஒரு வரி சொல்லிரும். ஏ.எல் புள்ளைக்கு 80 வீதம் வரவு இருக்கணும், இல்லாட்டி பாடசாலை பரீட்சார்த்தியா எழுதுறதுல சிக்கல் வரும்.

எனக்கு எழுத வாசிக்க வராது, நான் புள்ளைக்கு என்னத்த உதவி செய்றது?

இந்தக் கேள்விய கேக்கிற அம்மாமார் தலைய குனிஞ்சுக்கிட்டு கேக்கிறாங்க, அது தேவையே இல்ல. இலவசக் கல்வி நாட்டுக்கு 1945ல வந்துச்சு, ஆனா தோட்டத்து ஸ்கூல்கள் கம்பனி கையிலயே இருந்து 1970கள்லதான் அரசாங்கம் பொறுப்பெடுத்துச்சு. அஞ்சாம் வகுப்போட நிறுத்துன காலம் அது, அதுக்கு உங்கள குத்தம் சொல்ல ஒன்னுமில்ல.

பாடம் சொல்லிக் குடுக்க நாங்க இருக்கோம். வீட்டுல உங்களால மட்டும்தான் முடிஞ்சது வேற இருக்கு. ஒரே காம்பராவுல அஞ்சு பேர் இருக்கிற வீட்டுல ராத்திரி ஏழுல இருந்து ஒன்பது வரைக்கும் டீவிய நிப்பாட்டி வைக்கிறது. தண்ணி எடுக்கிறது, விறகு எடுக்கிறது, தம்பி தங்கச்சிய பாக்கிறதுன்னு எல்லாத்தையும் மூத்த பொம்பளப்புள்ள தலையில போடாம பங்கு பிரிக்கிறது. கொப்பிய எடுத்துட்டு வரச்சொல்லி, இன்னிக்கு என்ன படிச்ச, எனக்கு சொல்லுன்னு கேக்கிறது. உங்களுக்கு வெளங்காட்டி பரவால்ல, புள்ள வாய்விட்டு சொல்றப்போ அதுக்கே எது தெரியல எது தெரியுதுன்னு பிடிபடும். எங்கம்மா அடுப்புக்கிட்ட உக்காந்துகிட்டு ரொட்டி தட்டிக்கிட்டே என்னை வரலாறு முழுக்க ஒப்பிக்க வச்சாங்க, அவங்களுக்கு கையெழுத்து போட மட்டும்தான் தெரியும்.

மீட்டிங்குக்கு வந்தா பேர் (அன்னிக்கு நாள் சம்பளம்) போயிருமே, எப்படி வர்றது?

நியாயமான கேள்வி. காலை ஒன்பது மணிக்கு மீட்டிங் வச்சா மலையில நிக்கிற தாய்க்கு அன்னிக்கு பேர் இல்ல, அரைப்பேர் போட்டாலும் பெரிய விசயம். இது ஸ்கூல் பக்கத்து தப்புன்னு நான் வெளிப்படையா சொல்றேன், நாங்க மாத்தணும். நீங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துல எழுந்து சொல்லுங்க, ஞாயித்துக்கிழமையிலயோ சம்பள நாளுக்கு மறுநாள் வேலை இல்லாத நேரத்துலயோ வைங்கன்னு. பத்து பேர் சேந்து சொன்னா எந்த அதிபரும் யோசிப்பாரு. வர முடியாட்டி வீட்டுல இருந்து பொறுப்பான ஒரு ஆள், பெரியப்பாவோ அக்காவோ, வரலாம். அதுவும் முடியாட்டி வகுப்பு டீச்சரோட ஃபோன் நம்பர வாங்கி வச்சுக்கிட்டு தவணைக்கு ஒரு தடவையாவது பேசுங்க. புள்ள சண்டை போட்டாத்தான் ஸ்கூல்ல இருந்து கூப்பிடுவாங்கன்னு பயந்து இருக்காதீங்க, நல்லத கேக்கவும் வாங்க.

சங்கத்துக்கு காசு கட்டாட்டி புள்ளைய வெளிய போடுவாங்களா?

இல்ல. காசு இல்லேன்னா அதிபர்கிட்ட நேரா போய் சொல்லுங்க. அதுக்கு வெக்கப்பட்டு புள்ளைய ரெண்டு வாரம் வீட்டுல வச்சுக்கிறதுதான் பெரிய நட்டம்.

டியூசன் இல்லாம பாஸ் பண்ண ஏலாதா?

டவுனுக்கு போய்வர பஸ் காசு, கிளாஸ் காசு எல்லாம் சேத்தா ஒரு வீட்டு அரிசிக் காசு போயிரும். எல்லா பாடத்துக்கும் அனுப்பாதீங்க. புள்ளைக்கு பலவீனமான ஒரு பாடம், கூடினா ரெண்டு, அதுவும் பெரும்பாலும் கணக்கும் இங்கிலீசும்தான். மத்த பாடத்துக்கு பாஸ்ட் பேப்பர் போதும், பழைய பேப்பர அஞ்சு வருசத்துது வாங்கி நேரம் வச்சு செஞ்சு பாக்கணும், மூணு நாலு புள்ளைங்க சேந்து தோட்டத்து கோயில் மண்டபத்துலயோ வாசிகசாலையிலயோ உக்காந்து செஞ்சா இன்னும் நல்லது. ஒரு விசயம் மட்டும் கவனிங்க, பகல் முழுக்க ஸ்கூலுக்கு வராம டியூசனுக்கு மட்டும் போற பழக்கம் ஏ.எல்ல பரவுது, அது கைகுடுக்காது.

ஓ.எல்ல எத்தன பாடம் பாஸ் பண்ணணும்?

மொத்தம் ஒன்பது பாடம். சமயம், தமிழ், இங்கிலீஸ், கணக்கு, விஞ்ஞானம், வரலாறு இந்த ஆறும் எல்லாருக்கும் கட்டாயம், மிச்சம் மூணு தெரிவு செய்றது. ஏ.எல் படிக்க, தமிழும் கணக்கும் சேந்த மாதிரி ஆறு பாடம் பாஸ், அதுல மூணு பாடத்துக்கு சி இல்லாட்டி அதுக்கு மேல இருக்கணும், இதத்தான் திறமைச் சித்தின்னு சொல்றது. எஸ்ஸும் பாஸ்தான், ஆனா திறமைச் சித்தி இல்ல. இத ஒன்பதாம் வகுப்புலயே வீட்டு செவுத்துல எழுதி ஒட்டிருங்க.

பரீட்சை முடிஞ்சுச்சு, ரிசல்ட் வர மூணு நாலு மாசம் ஆகும், அதுவரைக்கும் கொழும்புக்கு கடைக்கு அனுப்பட்டா?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுதுறேன்.

நம்ம புள்ளைங்க பரீட்சையில தோக்கிறத விட இந்த மூணு நாலு மாசத்துல காணாம போறதுதான் கூட. கடைசி பேப்பர் எழுதிட்டு வந்த மறுவாரம் சொந்தக்காரர் ஒருத்தர் வந்து புறக்கோட்டையில கடை ஒன்னுல வேலை இருக்கு, சாப்பாடும் தங்க இடமும் குடுக்கிறாங்கன்னு சொல்வாரு, பொம்பளப்புள்ளன்னா கார்மெண்ட்ஸ். வீட்டுல அடகுல இருக்கிற நகை, சீட்டுக் காசு, கடைக் கடன் எல்லாம் கண்ணு முன்னால நிக்குது. புள்ளையும் முதல் மாசச் சம்பளத்துல அம்மாவுக்கு சேலையும் தனக்கு ஃபோனும் வாங்கிட்டு தீவாளிக்கு வருது. பெறகு ரிசல்ட் வருது, பாஸ்தான், ஏ.எல்லுக்கு ஃபோம் குடுக்கிற நாளும் வருது, ஆனா புள்ள வரல. முதலாளி இந்த மாசம் விடமாட்டாராம், இன்னும் ஒரு மாசம்னு சொல்லி சொல்லி வகுப்பு தொடங்கி ரெண்டு மாசம் ஆகிருது, அப்புறம் கூட்டாளிமாரெல்லாம் படிச்சு முன்னுக்கு போயிட்டாங்க நான் எப்படி உக்காருறதுன்னு அவனுக்கே வெக்கம் வந்துருது. நான் படிச்சுக் குடுத்த ஒரு பையன், கணக்குக்கு ஏ எடுத்தவன், இப்படித்தான் போனான், அவன் ரிசல்ட் சீட்ட ஸ்கூல்ல வந்து வாங்கவும் ஆளில்லாம எங்க அலமாரியில கிடந்துச்சு. என் சொந்த அண்ணனும் அப்படி போனவர்தான்.

வீட்டு நிலமை எனக்கு தெரியாதுன்னு நினைக்காதீங்க. வேலைக்கு அனுப்பித்தான் ஆகணும்னா நாள்ல போய் வீட்டுக்கு திரும்பி வர்ற வேலையா பாருங்க, ஹட்டன்லயோ தலவாக்கலையிலயோ நுவரெலியாவுலயோ. தூரத்துக்கு அனுப்பினாலும் போறதுக்கு முன்னாலயே முதலாளிகிட்ட ரிசல்ட் வந்த வாரம் புள்ள வந்துரும்னு பேசி முடிச்சுருங்க. புள்ளையோட சுட்டெண்ண நீங்க ஒரு கடதாசியில எழுதி வச்சுக்குங்க, சாமி படத்துக்கு பின்னாலயே வைங்க, அப்பதான் ரிசல்ட் வந்த அன்னிக்கே நீங்களே பாக்கலாம். இந்த இடைவெளியில செய்ய நல்ல வேலை ரெண்டு இருக்கு, இங்கிலீஸ் கிளாஸ் ஒன்னு, கம்ப்யூட்டர் ஒன்னு, பிரதேச செயலகம் பக்கமா இருந்தாலும் பாடசாலையா இருந்தாலும் குறைஞ்ச காசுல நடக்கிறத விசாரிங்க.

கணக்கு ஒன்னுதான் போச்சு, எல்லாம் முடிஞ்சுச்சா?

முடியல. ஓ.எல்ல அந்த ஒரு பாடத்த மட்டும் தனிப்பட்ட பரீட்சார்த்தியா அடுத்த வருசம் எழுதலாம். அதோட 2017ல தொடங்குன 13 வருட உத்தரவாதக் கல்வின்னு ஒரு திட்டம் இருக்கு, தெரிவு செஞ்ச ஸ்கூல்கள்ல ஓ.எல் பாஸா பெயிலான்னு பாக்காம 12, 13ஆம் வகுப்புல தொழில் பாடம் படிக்கலாம். உங்க வலயத்துல எந்த ஸ்கூல்ல இருக்குன்னு வலயக் கல்வி அலுவலகத்துல கேளுங்க. பெயில் ஆன புள்ளைங்களுக்குன்னு நெனச்சு கேவலமா பாக்காதீங்க, அதுல கிடைக்கிற சான்றிதழ் பின்னால என்.வி.கியூவுக்கு (தேசிய தொழில் தகைமைக்கு) வழி விடுது.

எங்க ஸ்கூல்ல ஏ.எல்லுக்கு ஆர்ட்ஸ் மட்டும்தான் இருக்கு, புள்ளைக்கு சயன்ஸ் விருப்பம், என்ன செய்ய?

அரசாங்க ஸ்கூல்கள வகை பிரிச்சு வச்சிருக்காங்க. 1ஏபி ஸ்கூல்ல விஞ்ஞானப் பிரிவும் இருக்கும், 1சி ஸ்கூல்ல ஆர்ட்ஸ், காமர்ஸோட நிக்கும், டைப் 2ல ஓ.எல்லோட சரி. தோட்டப்பக்கம் 1ஏபி குறைவு, இருக்கிற இடத்துலயும் பௌதிகவியலுக்கும் கணக்குக்கும் டீச்சர் இல்லாம கிடக்குது. அதனால ஆர்ட்ஸ்தான் நமக்குன்னு ஆகிருச்சு, நான் ஆர்ட்ஸ் படிச்சு வந்தவ, ஆர்ட்ஸ குறைச்சு சொல்ல மாட்டேன், ஆனா வேற கதவு இல்லாததால ஆர்ட்ஸ் போறதும் விரும்பி போறதும் ஒன்னில்ல. விஞ்ஞானத்துக்கும் கணக்குக்கும் நல்ல புள்ளி எடுத்த புள்ளைக்கு பக்கத்து டவுன் 1ஏபி ஸ்கூலுக்கு ரிசல்ட் வந்த உடனே எழுதிப் போடுங்க, தாமதிச்சா இடம் நெறஞ்சுரும். 2013ல வந்த தொழில்நுட்பப் பிரிவும் இருக்கு, எஞ்சினியரிங் டெக்னாலஜி, பயோசிஸ்டம்ஸ் டெக்னாலஜின்னு ரெண்டு, கை வேலையில விருப்பம் இருக்கிற புள்ளைக்கு அத கட்டாயம் காட்டுங்க.

அப்ப கண்டியில பெரிய ஸ்கூலுக்கு மாத்திரலாமா?

மாத்துறதுக்கு முன்னால இத வாசிங்க. கெம்பஸுக்கு (பல்கலைக்கழகத்துக்கு) எடுக்கிறது இசட் ஸ்கோர வச்சு. உங்க புள்ள எடுத்த புள்ளி, அந்தப் பாடம் எழுதுன எல்லாரோட சராசரியில இருந்து எவ்வளவு மேல கீழ இருக்குன்னு கணக்குப் பாத்து மூணு பாடத்துக்கும் சேத்து எடுக்கிற எண் அது. அதனாலதான் கஷ்டமான பாடத்துல 60 எடுத்தவனுக்கு லேசான பாடத்துல 70 எடுத்தவன விட இசட் ஸ்கோர் கூட வரலாம்.

பெரும்பாலான பாடநெறிக்கு 40 வீதம் இடம் முழு நாட்டு திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்து சனத்தொகைக்கு ஏத்த மாதிரி, 5 வீதம் கல்வியில பின்தங்கின 16 மாவட்டத்துக்கு. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி இந்த 16ல இருக்கு. கண்டி, மாத்தளை, கேகாலை இல்ல. மாவட்டம்ங்கிறது பொறந்த ஊர் இல்ல, ஏ.எல்லுக்கு முந்தின மூணு வருசம் எங்க படிச்சுதுங்கிறத வச்சுத்தான் பாக்கிறாங்க. அப்ப ஹட்டன்ல இருந்து கண்டிக்கு மாத்துற புள்ள அந்த 5 வீதத்த விட்டுட்டு வெட்டுப்புள்ளி (இடம் கிடைக்க வேண்டிய குறைஞ்ச இசட் ஸ்கோர்) கூடின மாவட்டத்து போட்டிக்குள்ள போகலாம். நல்ல டீச்சர்மார் கிடைப்பாங்கங்கிறதும் உண்மைதான். அதிபர்கிட்டயும் கெம்பஸ் போன புள்ளைங்ககிட்டயும் கேட்டு, கடந்த வருசங்களோட மாவட்ட வெட்டுப்புள்ளிய பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்துட்டு முடிவெடுங்க.

மூணு பாஸ் வந்தா கெம்பஸ் கிடைச்சிருமா?

மூணு பாடமும் ஒரே தடவையில பாஸ் ஆகணும், எல்லாருக்கும் பொதுவான காமன் ஜெனரல் பேப்பர்ல 30 புள்ளி எடுத்திருக்கணும். அது விண்ணப்பிக்கிற தகுதி மட்டும்தான், இடம் கிடைக்கிறது இசட் ஸ்கோர்ல. ரிசல்ட் வந்த பெறகு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு ஒன்லைன்ல போடணும், குறிச்ச நாளுக்குள்ள. பாடநெறி ஒழுங்கு எழுதுறப்போ கிடைக்கும்னு நெனைக்கிறத முன்னுக்கு போடாதீங்க, ஆசையானத முன்னுக்கு போடுங்க, மேல இருந்து கீழ பாத்து புள்ளி எட்டுறத குடுப்பாங்க, மேல போட்டதால கீழ உள்ளது கெட்டுப்போகாது. ஏ.எல் மூணு தடவை எழுதலாம்.

பேர் பிழை, அடையாள அட்டை இல்ல, இது எப்ப சரி செய்றது?

எட்டாம் ஒன்பதாம் வகுப்புலயே. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துல ஒரு பேர், ஸ்கூல் பதிவுல ஒரு பேர், அப்பா அடையாள அட்டையில இன்னொரு பேர், இது நம்ம பக்கத்துல வீட்டுக்கு வீடு இருக்கு. தமிழ் தெரியாதவங்க எழுதுனதுல தாத்தா காலத்துல இருந்து வந்த பிழை சிலது. பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கப்போ சத்தியக்கடதாசி எழுத அலைஞ்ச குடும்பங்கள எத்தனையோ பாத்திருக்கேன். திருத்தம் பிரதேச செயலகத்து பதிவாளர் பிரிவுல செய்யலாம், பிறப்பே பதியாட்டி காலங்கடந்த பதிவு செய்யணும். 15 வயசுல அடையாள அட்டைக்கு ஸ்கூல் அதிபர் மூலமா விண்ணப்பிக்கலாம், அது இல்லாம ஓ.எல் மண்டபத்துல கஷ்டம்.

கெம்பஸ் கிடைக்கல, இனி தோட்டத்துலதான் பேர் பதியணுமா?

இல்ல, வழி நெறைய இருக்கு. ஆசிரியர் ஆக விருப்பம்னா கல்வியியல் கல்லூரி, நம்ம பத்தனையில ஸ்ரீபாத இருக்கு, ஏ.எல் ரிசல்ட்ட வச்சு வர்த்தமானி அறிவித்தல் வர்றப்போ போடணும், மூணு வருசம், கடைசி வருசம் ஸ்கூல்ல பயிற்சி. மலையகத்துல இன்னிக்கு படிச்சுக் குடுக்கிற டீச்சர்மார் எத்தனையோ பேர் அங்க இருந்து வந்தவங்கதான். அடுத்தது என்.வி.கியூ, தொழிற்பயிற்சி அதிகார சபை, நைட்டா மாதிரி இடங்கள்ல எலெக்ட்ரிக், வாகனம் திருத்துறது, ஹோட்டல் வேலைன்னு நிறைய இருக்கு. லெவல் 4 எடுத்த புள்ள 5, 6 போய் 7ல பட்டமும் எடுக்கலாம், இரத்மலானையில அதுக்குன்னு தொழிற்கல்வித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமே இருக்கு. திறந்த பல்கலைக்கழகமும் இருக்கு, கண்டியில அதோட பிராந்திய நிலையம், வேலை செஞ்சுக்கிட்டே படிக்கலாம்.

கெம்பஸ் கிடைச்சா செலவு எப்படி?

படிப்புக்கு காசு இல்ல. சாப்பாடு, புத்தகம், போய்வர்ற செலவுதான். வருமானம் குறைஞ்ச வீட்டுப் புள்ளைக்கு மஹாபொல புலமைப்பரிசில் இருக்கு, அது கிடைக்காதவங்களுக்கு பேர்சரி (உதவிப்பணம்). கிராம சேவகர்கிட்ட வருமானச் சான்று எடுத்து வைங்க. மஹாபொல காசு கைக்கு வர முதல் மாசங்கள்ல தாமதமாகும், அதனால ஆரம்பத்துக்குன்னு கொஞ்சம் சேத்து வைங்க, சீட்டு எடுத்தாலும் அந்த நேரத்துக்கு எடுத்துக்குங்க.

பொம்பளப்புள்ளைய யாழ்ப்பாணம், மட்டக்களப்புன்னு தூரத்துக்கு எப்படி அனுப்புறது?

கார்மெண்ட்ஸுக்கு கட்டுநாயக்காவுக்கு அனுப்புறப்போ கேக்காத இந்தக் கேள்விய படிக்க அனுப்புறப்போ கேக்கிறாங்க, எனக்கு அது மனசுல வலிக்குது. முதல் வருசத்துக்கு ஹொஸ்டலுக்கு கேளுங்க, தூரத்துப் புள்ளைங்களுக்கு முன்னுரிமை உண்டு, ஏற்கனவே அங்க படிக்கிற நம்ம பக்கத்து அக்காமார் இருப்பாங்க, அவங்கள தேடி முன்னாலயே பேசுங்க. ஒரு தடவை நீங்களும் கூடப்போய் இடத்த பாத்துட்டு வாங்க. என்னை பேராதனைக்கு விட்டுட்டு எங்கப்பா திரும்பி பஸ் ஏறுறப்போ அழுதாரு, ஆனா திரும்பி வான்னு ஒரு நாளும் சொல்லல.

இங்கிலீஸ் தெரியாதே, அங்க போய் எப்படி படிக்கும்?

ஆர்ட்ஸ் தமிழ்லயும் படிக்கலாம். வைத்தியம், எஞ்சினியரிங், விஞ்ஞானம் இங்கிலீஸ்லதான். முதல் வருசம் கஷ்டம், அழுகை வரும், நானே அகராதிய மடியில வச்சுக்கிட்டுத்தான் ரெண்டு வருசம் ஓட்டுனேன். ஆறாம் வகுப்புல இருந்து நாளுக்கு அஞ்சு சொல்லு படிச்சு வச்சா ஏ.எல் முடியிறப்போ அது எங்கயோ போயிருக்கும். சிங்களத்தையும் விட்டுறாதீங்க, அரசாங்கக் கச்சேரியிலயும் ஆஸ்பத்திரியிலயும் உங்களுக்கு துணைக்கு வர்றது அந்தப் புள்ளதானே.

உங்கள எப்ப வந்து பாக்கலாம்?

மலையில இருந்து எறங்கி நேரா வாங்க, அஞ்சரைக்கு வந்தாலும் பேசலாம், கொழுந்துக் கூடையோட வந்தாலும் வாங்க. வர்றப்போ தேர்ச்சி அறிக்கையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் கொண்டு வாங்க, புள்ளையயும் கூட்டிக்கிட்டு வாங்க, அது முன்னாலதான் அதப் பத்தி பேசணும்.